வீட்டு ரவுட்டர்கள் எவ்வளவு ஒப்புக்கொள்ள வேண்டும்?

வீட்டுக்கு இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி மாட்டும்போது, பொதுவாக அதை இரண்டில் ஒரு விதமாகத்தான் வைத்துக்கொள்கிறோம். அதன் ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு, வெறும் வைஃபை நிலையமாக முதல் ரவுட்டரோடு சேர்த்துவிடுகிறோம். அல்லது முதல் ரவுட்டர் கொடுக்கும் முகவரியை வாங்கிக்கொண்டு அது தன் பங்குக்கு இன்னொரு முறை முகவரி மாற்றம் (நேட்) செய்யும்படி, நேட்டுக்குள் நேட்டாக விட்டுவிடுகிறோம். ஒரே கூரைக்கு முதல் வழி போதும். அங்கே அதற்கு மேல் எதையும் இழுத்துவிட்டுக்கொள்ளத் தேவையில்லை. இரண்டாவது வழியில் உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியே இருப்பவர் உள்ளே இருக்கும் பிரிண்டரையோ கேமராவையோ எட்ட முடியாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இணைய இணைப்புகள், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு பாதைகள் என்று ஆகிவிட்டால் இவ்விரு வழிகளும் உதவமாட்டா. அப்போது ரவுட்டர்கள் ரவுட்டர்களாகவே இருந்து, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்பதைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்தாக வேண்டும்.

அந்தப் பேச்சுக்கு எந்த நெறிமுறை, அதாவது எந்தப் பேச்சு விதிகள், நல்லது என்ற கேள்விக்கு நான் வந்து சேர்ந்திருக்கும் விடை இதுதான்: ரவுட்டர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயங்கள் எதில் மிகக் குறைவோ, அதுவே வீட்டுக்கு ஏற்றது. வேகம், பெயர், பெரிய நிறுவனங்களில் இருக்கும் புழக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் குடும்பத்தின் மூன்று வீடுகள் கோத்தகிரிப் பக்கம் ஒரே சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல்வீட்டில் நாங்கள் இருக்கிறோம், நடுவீடு சித்தப்பாவுடையது, கீழ்வீட்டை வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தங்கக் கொடுக்கிறோம். மேல்வீட்டுக்கும் நடுவீட்டுக்கும் இடையே மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஃபைபர் இழுத்திருக்கிறது. இடிமின்னல் அதிகமுள்ள மலையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செப்புக் கேபிள் இழுத்தால் ஒரு பக்கம் விழும் மின்னல் இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் எரித்துவிடும் என்பதால், தூரம் குறைவாக இருந்தாலும் ஃபைபரே நல்லது என்று யார் கேட்டாலும் சொல்வேன். நடுவீட்டிலிருந்து கீழ்வீட்டுக்குத் தேயிலைச் செடிகளுக்கு மேலாக, தடையில்லாத பார்வைக் கோட்டில், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு நேராகவும் ஒரு வைஃபை இணைப்பு உண்டு, ஆனால் அது சில்வர் ஓக் மரங்களின் கிளைகளுக்கு ஊடாகப் போகிறது. வெளியுலகத்துக்கு மேல்வீட்டில் ஃபைபர் இணையம். மரம் சாய்ந்து கம்பத்துக் கேபிள் அறுந்துபோகும் நாட்களுக்காகக் கீழ்வீட்டில் ஒரு 4ஜி இணைப்பு.

ஆக மூன்று ரவுட்டர்கள், ஒரு முக்கோணம், வெளியே போக இரண்டு வாசல்கள். மூன்றிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருள் ஓடுகிறது. இம்மூன்றையும் ஒரே லேயர் 2 வலையமைப்பாக, நடுவில் ரவுட்டிங்கே இல்லாமல், பாலம் போட்டு இணைக்கலாம்தான். ஆனால் முக்கோணத்தில் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) சுற்றிச் சுற்றி வராமல் இருக்க எஸ்டிபி என்ற தடுப்பு நெறிமுறை ஒரு பக்கத்தை அடைத்துவிடும். அடைக்கப்படுவது நல்ல பக்கமா கெட்ட பக்கமா என்பது மழையைப் பொறுத்து மாறும் இடத்தில் இது சரிப்படாது.

மலைவாசிகள் பலரும் பனிமூட்டம் வந்தால் சிக்னல் போய்விடும் என்று சொல்வார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் நம்புகிறார். சில நூறு மீட்டர் தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே அல்ல, மழைத்தாரையும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கெடுப்பது நனைந்த இலை. இலைமேல் தங்கும் தண்ணீர் அலையை விழுங்கிவிடுகிறது. காற்றில் கிளை ஆடும்போது விழுங்கும் அளவும் நொடிக்கு நொடி மாறுகிறது. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியமான மழை என்பதால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையிலான நேர் இணைப்பு முழுதாக அறுவதும் இல்லை, முழுதாக வேலை செய்வதும் இல்லை. வீட்டு வலையமைப்பில் ஒரு நெறிமுறையின் தரத்தைச் சோதிக்க இந்த அரைகுறை நிலையைவிட நல்ல சோதனை கிடையாது.

பழைய ரிப் நெறிமுறைக்கு இந்த நிலை கண்ணிலேயே படாது. 1988இல், இணைய நெறிமுறைகளை வெளியிடும் எண்ணிட்ட ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 1058 ஆக வெளியான அது, வழியில் எத்தனை ரவுட்டர் (எத்தனை தாவல்) என்பதை மட்டும் எண்ணுகிறது. 15 வரை எண்ணும், 16 என்றால் வழியில்லை என்று பொருள். கீழ்வீட்டுக்கு நேர்வழி ஒரு தாவல், நடுவீடு வழி இரண்டு தாவல் என்பதால், நேர்வழியில் பாதி பாக்கெட்டுகள் தொலைந்தாலும் அது நேர்வழியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

பெரிய வலையமைப்புகளில் வேரூன்றிய ஓஎஸ்பிஎஃப் வேறு விதம். ஒவ்வொரு ரவுட்டரும் முழு வலையமைப்பின் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, கணினியியலாளர் டைக்ஸ்ட்ராவின் முறைப்படி குறுகிய வழியைக் கணக்கிடுகிறது. ஆனால் ஓர் இணைப்பின் செலவு அதன் வேகத்திலிருந்து வருவது அல்லது நாம் கையால் எழுதுவது. அதில் பாக்கெட் இழப்புக்கு இடமில்லை. ஈதர்நெட்டில் வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ, அதாவது இருக்கிறேன் என்று சொல்லும் சிறு செய்தி. 40 விநாடி எதுவும் கேட்காவிட்டால் அண்டை ரவுட்டர் செத்துவிட்டது என்று பொருள். இழப்பு பாதியாக இருக்கும் இணைப்பில் அடுத்தடுத்த நான்கு ஹலோக்களும் தொலைய வாய்ப்பு 16இல் ஒன்று. எனவே இணைப்பு கொஞ்ச நேரம் முழு ஆரோக்கியம், பிறகு திடீர் மரணம், பிறகு மீண்டும் முழு ஆரோக்கியம் என்று ஊசலாடும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஓஎஸ்பிஎஃப்பில் இரண்டு ரவுட்டர்கள் அண்டையராக ஆவதற்கே எத்தனை விஷயங்கள் பொருந்த வேண்டும் என்பது. ஹலோ இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். காத்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஏரியா எண் (வலையமைப்பின் பகுதி எண்) ஒன்றாக இருக்க வேண்டும். எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, மாறினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடியே தரவுத்தளத்தைப் பரிமாறாமல் பாதியில் நின்றுவிடும். ரவுட்டர் எண் மட்டும் எங்கும் இரட்டிக்கவே கூடாது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் வலையமைப்பில் இவையெல்லாம் நியாயமான நிபந்தனைகள். கடையில் வாங்கி வந்து சுவரில் மாட்டும் பெட்டிக்கு அல்ல. இதை உணர்ந்துதான் 2015இல் ஆர்எஃப்சி 7503, ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 3 தானாகவே தன்னை அமைத்துக்கொள்ளவும், இரட்டித்த ரவுட்டர் எண்ணைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளவும் வழி வகுத்தது.

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் ஹோம்நெட் என்ற பணிக்குழு 2011இல் தொடங்கியது இதே கவலையோடுதான்: நிர்வாகி என்று ஒருவரும் இல்லாத வீட்டில், பல ரவுட்டர்களும் பல இணைய இணைப்புகளும் இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6இல் தாமாகவே ஒத்துழைக்க வேண்டும். 2014இல் அதன் அடிப்படைக் கொள்கைகள் ஆர்எஃப்சி 7368 ஆகவும், 2016இல் முகவரிகளைப் பங்கிடும் எச்என்சிபி நெறிமுறை ஆர்எஃப்சி 7788 ஆகவும் வந்தன. ரவுட்டிங் நெறிமுறை எது என்பதில் கருத்துகள் பிளவுபட்டன. இணையச் சேவை நிறுவனங்களின் முதுகெலும்பில் ஓடும் ஐஎஸ்-ஐஎஸ் ஒரு பக்கம். ஜூலியுஸ் க்ரோபோசெக் உருவாக்கிய சிறிய நெறிமுறையான பேபல் இன்னொரு பக்கம். கடைசியில் பேபல் தேர்வானது. 2021இல் அதன் தரநிலை ஆர்எஃப்சி 8966 ஆகவும், வீட்டு வலையமைப்பில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது ஆர்எஃப்சி 9080 ஆகவும் வெளியாயின.

ஒவ்வொரு வீடும் விரும்பிய நெறிமுறையை ஓட்டட்டும், எல்லையில் ஒரு நெறிமுறையை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மேல்வீட்டில் ஓஎஸ்பிஎஃப், மற்ற இரண்டில் பேபல் என்று வைத்துக்கொள்வோம். மாற்றும் இடத்தில் ஒரு பக்கத்துச் செலவுக் கணக்கு மறுபக்கத்தில் பொருளிழந்துவிடும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். மாற்றும் இடம் இரண்டாகிவிட்டால், ஒரு வாசலில் உள்ளே போன வழித்தடம் இன்னொரு வாசலில் புதிய செய்திபோல வெளியே வந்து, அனுப்பியவரிடமே திரும்பிச் சேரும். முக்கோணத்தில் மாற்றும் இடம் எளிதாக இரண்டாகிவிடும். ஆகவே ஏதாவது ஒன்றைக் கட்டாயம் என்று குழு அறிவித்தது சரியான முடிவு. அந்த ஒன்று பேபலாக இருந்தது இன்னும் சரியான முடிவு என்று நான் நினைப்பதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

பேபலில் ஒவ்வொரு ரவுட்டரும் அனுப்பும் ஹலோவிலேயே அடுத்த ஹலோ எத்தனை நேரத்தில் வரும் என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது. தரநிலை பரிந்துரைப்பது 4 விநாடி. ஆனால் ஒரு ரவுட்டர் 4 என்றும் இன்னொன்று 20 என்றும் வைத்திருந்தாலும் ஒன்று மற்றதைப் புரிந்துகொள்கிறது. தனக்குத் தெரியாத புதிய செய்தி வகை வந்தால் அதைத் தள்ளிவிட்டு மற்றதைப் படிக்கும். செலவைக் கணக்கிடும் முறைகூட இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வழி நீள நீளச் செலவு கூட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முறைகள் மாறினால் சிறந்த வழி கிடைக்காமல் போகலாம், ஆனால் பாக்கெட்டுகள் வட்டமாகச் சுற்றும் சுழல் உண்டாகாது.

செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை எங்கள் சரிவிலேயே காட்டலாம். ஃபைபர் போன்ற கம்பி இணைப்புக்கு வழக்கமான செலவு 96. வைஃபை இணைப்புக்கு, 2003இல் எம்ஐடி ஆய்வாளர்கள் முன்வைத்த இடிஎக்ஸ் என்ற முறை: ஒரு பாக்கெட்டைச் சேர்க்க எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடு. வைஃபையில் எல்லோருக்குமாக அனுப்பப்படும் ஹலோவை வன்பொருள் திரும்ப அனுப்புவதில்லை. அதனால் வந்து சேர்ந்த ஹலோக்களை எண்ணினாலே இழப்பு தெரிந்துவிடுகிறது. இழப்பே இல்லாவிட்டால் செலவு 256. இரு திசையிலும் பத்துக்கு எட்டு வந்து சேர்ந்தால் 256ஐ 0.8ஆல் இருமுறை வகுக்க 400. பாதி வந்து சேர்ந்தால் 1024.

வெயில் நாளில் மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு நேர்வழி 256. நடுவீடு வழியாகப் போனால் 96ம் 256ம் சேர்ந்து 352. நேர்வழியே தேர்வாகும். இலைகள் நனைந்து பத்தில் இரண்டு தொலையத் தொடங்கியதுமே நேர்வழி 400 ஆகிவிடுகிறது. போக்குவரத்து நடுவீட்டுக்குத் திரும்புகிறது. யாரும் எதையும் தொடவில்லை. அளவு இந்தக் கோட்டின் இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தால் வழியும் கூடவே ஆடாமல் இருக்க, கொஞ்சம் தயங்கியே வழி மாற வேண்டும் என்று தரநிலை அறிவுறுத்துகிறது. பேபலை ஓட்டும் பேபல்டி நிரலில் அந்தத் தயக்கம் இருக்கிறது. ஆர்எஃப்சி 9080இல் எனக்கு மிகவும் பிடித்த வரியும் இதைச் சார்ந்ததுதான்: ஓர் இணைப்பு கம்பியா வைஃபையா என்று ரவுட்டருக்குத் தெரியாவிட்டால், மோசமானதை, அதாவது வைஃபை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லது என்று தவறாக நினைப்பதைவிட அது பாதுகாப்பானது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹலோக்கள் மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பப்படுவதால், அவை ஒன்று விடாமல் வந்து சேரும் இணைப்பிலும் பெரிய கோப்புகள் மெதுவாகப் போகலாம். இடிஎக்ஸ் அளப்பது இழப்பை, வேகத்தை அல்ல.

சுழலைத் தடுக்கும் விதம் இன்னும் நுட்பமானது. 4ஜி இணைப்பைச் சற்று ஒதுக்கிவைத்து, மேல்வீட்டு ஃபைபர் மட்டுமே வெளிவாசல் என்று வைத்துக்கொள்வோம். மரம் விழுந்து அது அறுகிறது. வழியில்லை என்று மேல்வீடு அறிவிக்கிறது. நடுவீடு அதைக் கேட்டுவிட்டது, நனைந்த இலைகளுக்கு அப்பால் இருக்கும் கீழ்வீட்டுக்கு மட்டும் செய்தி சேரவில்லை. ரிப் ஓடினால், கீழ்வீடு தன் பழைய நினைப்பில் நடுவீட்டிடம், வெளியே போக எனக்கு 2 தாவல் என்கிறது. நடுவீடு அதை நம்பி 3 என்று எழுதிக்கொண்டு மேல்வீட்டிடம் சொல்ல, மேல்வீடு 4 என்று எழுதிக் கீழ்வீட்டிடம் சொல்ல, கீழ்வீடு 5 என்று திருத்திக்கொள்ள, இந்த எண் 16ஐத் தொடும் வரை மூன்று வீடுகளின் பாக்கெட்டுகளும் முக்கோணத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். யாரிடமிருந்து கேட்டாயோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்ற பழைய தடுப்பு இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவில் உதவும். மூன்று பேர் வட்டமாக நின்றால் உதவாது.

பேபலில் நடுவீடு, அந்த இலக்குக்குத் தான் அறிவித்தவற்றில் மிகக் குறைந்த செலவை நினைவில் வைத்திருக்கிறது. இங்கே அது 96. அதைவிடக் குறைவான செலவை அறிவிப்பவரின் வழியை மட்டுமே அது ஏற்கும். தன்னைவிட வாசலுக்கு அருகில் இருப்பவர் தன் வழியாகப் போய்க்கொண்டிருக்க முடியாது என்பதே இதன் தர்க்கம். கீழ்வீடு அறிவிப்பது குறைந்தது 256. அது 96ஐவிடக் குறைவில்லை, நடுவீடு மறுத்துவிடுகிறது. சுழல் தொடங்குவதற்கே இடமில்லை.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. வெளி இணைப்பு நலமாக இருக்க, மேல்வீட்டுக்கும் நடுவீட்டுக்கும் இடையிலான ஃபைபர் மட்டும் அறுந்துவிட்டது என்று கொள்வோம். இப்போது கீழ்வீட்டின் 256 உண்மையான, நல்ல வழி. ஆனால் அதே விதிப்படி நடுவீடு அதையும் மறுக்கும். கோத்தகிரிச் சாலையில் மண் சரிந்த நாளில் குன்னூர் வழியாகப் போகலாம் என்று ஒருவர் சொல்லியும், அவருக்கு உண்மையிலேயே தெரியுமா என்று விசாரிக்காமல் வண்டியைத் திருப்பாத ஓட்டுநர்போல, நடுவீடு நிற்கிறது, விசாரிக்கிறது. அறிவிப்புக்குப் புதிய வரிசை எண் வேண்டும் என்று அது கீழ்வீட்டின் வழியாக மேல்வீட்டுக்குக் கோரிக்கை அனுப்ப, மேல்வீடு தன் வரிசை எண்ணை ஒன்று கூட்டிப் புதிய அறிவிப்பை வெளியிடுகிறது. எண் புதிது என்றால் செய்தி மூலத்திலிருந்து இப்போதுதான் வந்தது என்பது உறுதி. பழைய 96 என்ற வரம்பும் அதோடு விலகுகிறது. நடுவீடு 512 என்ற செலவோடு கீழ்வீடு வழியை ஏற்றுக்கொள்கிறது. மூன்று ரவுட்டர்களுக்குள் இந்த விசாரணை முடிய அதிக நேரம் ஆகாது.

இரண்டு வாசல்கள் இருக்கும்போது ஐபிவி6இல் இன்னொரு கட்டுப்பாடு சேர்கிறது. ஃபைபர் நிறுவனம் கொடுத்த முகவரியோடு ஒரு பாக்கெட் 4ஜி வாசலில் போனால், போலி முகவரிகளைத் தடுக்க 2000இல் ஆர்எஃப்சி 2827 பரிந்துரைத்த வடிகட்டலின்படி அது அங்கேயே கைவிடப்படலாம். எனவே போகும் இடத்தை மட்டுமல்ல, புறப்பட்ட முகவரியையும் பார்த்து வழி தேர வேண்டும். பேபலுக்கான இந்த நீட்டிப்பு ஆர்எஃப்சி 9079; ஹோம்நெட்டில் இது கட்டாயம். பழைய ஐபிவி4இல் ஒவ்வொரு வாசலிலும் நேட் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை; வாசல் மாறும்போது நடந்துகொண்டிருந்த வீடியோ அழைப்பு அறுந்து மறுபடி இணையும், அவ்வளவுதான்.

எச்என்சிபியை நான் பயன்படுத்தவில்லை. மூன்று வீட்டுக்கு முகவரிகளைக் கையால் எழுதிவைப்பது கடினமல்ல. ஆனால் அப்படி எழுத ஆள் இல்லாத வீட்டுக்கு அது இன்றியமையாதது, அதைத் தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே வைத்து விற்க வேண்டும் என்று விரும்புகிறேன். இணைய நிறுவனங்கள் /56 அளவில் முகவரித் தொகுதி கொடுத்தால் ஒரு வீட்டுக்குள் 256 தனி வலையமைப்புகளுக்கு இடம் கிடைக்கும். ஒரே ஒரு வலையமைப்புக்கான ஒற்றை /64 மட்டும் கொடுத்தால் இரண்டாவது ரவுட்டருக்குப் பங்கு கொடுக்கவே வழியில்லை. எத்தனை நல்ல நெறிமுறை இருந்தாலும் இந்த இடத்தில் அது நின்றுவிடும்.

அமைக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பேபல்டியை வீடுகளுக்கு இடையிலான இணைப்புகளில் மட்டும் ஓடவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் ஒருபோதும் வேண்டாம், ஏனென்றால் அங்கே இருக்கும் எந்த மடிக்கணினியும் தானே வாசல் என்று அறிவித்துவிடலாம். பேபல் பேசும் யுடிபி 6696 துறையை (போர்ட்டை) அந்த இணைப்புகளுக்கு ஃபயர்வாலில் திறந்துவைக்க வேண்டும். அண்டை ரவுட்டர் தெரியவில்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு இடையிலான வைஃபைக்கு அதன் கடவுச்சொல்லோடு நிற்காமல் ஆர்எஃப்சி 8967 சொல்லும் சாவி வழிச் சரிபார்ப்பையும் சேர்த்துவிடுங்கள். மூன்று ரவுட்டர்களிலும் ஒரே சாவி. பிறகு வெயில் நாள் ஒன்றில் ஃபைபர் இழையைக் கையால் பிடுங்கிவிட்டு, நடுவீட்டிலிருந்து, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு, எத்தனை பதில்கள் விட்டுப்போகின்றன என்று பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எது கெட்டது என்று தேட வேண்டி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.